கலிலியோவை எரிப்பவர்

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தெரியும் என்று நீங்கள் சொல்வதற்குள் சொல்லி முடித்துவிடும் ஓர் இனம் உண்டு. அதில் தேர்ந்த ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி. கண் பரிசோதிக்கும் மெஷினில் நீங்கள் தாடையைப் பதித்து, நெற்றியை ஒட்டவைத்து, இனி எழுந்து ஓடமுடியாது என்று ஆனபிறகு, லென்ஸை மாற்றிக்கொண்டே ஆரம்பிப்பார். "இந்த மாதிரி லென்ஸை வெச்சுத்தான் கலிலியோ வானத்தைப் பாத்தாரு. பூமி உருண்டைன்னாரு. சர்ச்சுல பிடிச்சு உயிரோட எரிச்சிட்டாங்க. இப்ப மேல் வரி தெரியுதா?"

ஒரு மனிதர் எரிந்துகொண்டிருக்கும்போது மேல் வரியை யார் பார்ப்பது?

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனை விரும்பினாள். பையனின் தாய்மாமன் பாதிரியார். போதாததற்குக் கல்லூரியில் வானியல் வேறு நடத்துபவர். பேசி முடிக்க அவர்கள் வரவிருந்த அன்று காலை மகள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அப்பா, அந்த எரிச்ச கதை மட்டும் இன்னைக்கு வேண்டாம்பா."

"நான் எதுக்கும்மா அதைப் பேசப்போறேன்?"

மனதாரத்தான் சொன்னார். மகள்மேல் உயிர் அவருக்கு. காபி வந்தபோதும் பேசவில்லை. பையனின் சம்பளம், வேலை, அவன் அம்மாவின் மூட்டுவலி எல்லாவற்றையும் கடந்து நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தார். விதி, பையனின் அப்பா வாயில் வந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "இந்தக் காலண்டரே எங்க சர்ச் திருத்திக் கொடுத்ததுதான். அதுக்கு முன்னாடி வானத்தைப் பத்தி உலகத்துல யாருக்கும் ஒண்ணுமே தெரியாது."

விஞ்ஞானி பல்லைக் கடித்தார். மகள் கண்ணால் கெஞ்சினாள். நாக்கு கேட்டால்தானே?

"அப்போ கலிலியோவை எரிச்சது யாரு சார்?"

பையனின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரு எரிச்சா?" என்றார் பையனின் அப்பா. "மாளிகையில விருந்தாளியா உக்கார வெச்சு சோறு போட்டோம்." பக்கத்தில் நின்று பரிமாறியவர் மாதிரியே சொன்னார்.

இருவரும் ஒரே நேரத்தில் பாதிரியாரைத் திரும்பிப் பார்த்தார்கள், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல.

பாதிரியாருக்கு இக்கட்டு. ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை. "எரிக்கல சார். வயசாகி வீட்லதான் இறந்தாரு. பூமி உருண்டைங்கறது படிச்சவங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். சண்டை, பூமி சூரியனைச் சுத்துதாங்கறதுல. அப்படிச் சுத்துதுன்னு அவருக்கு முன்னாடி புத்தகம் எழுதின கோப்பர்நிக்கஸே சர்ச்சுல பதவியில இருந்தவர்தான்."

பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அத்தான், விருந்தும் இல்ல. முழங்கால் போட வெச்சு, சொன்னது தப்புன்னு சொல்ல வெச்சாங்க. புத்தகத்தைத் தடை பண்ணாங்க. சாகறவரைக்கும் வீட்டுக்காவல். நாம பண்ணது அநியாயம்தான்."

பையனின் அப்பா சரிந்து உட்கார்ந்தார்.

இனி சம்பந்தம் அவ்வளவுதான் என்று மகள் பையனைப் பார்க்க, பையன் தரையைப் பார்க்க, தகப்பன்மார் இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கையால் அடி வாங்கியவர்களின் பார்வை அது.

"உங்க மச்சான் எப்பவுமே இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டார் விஞ்ஞானி.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பாடுதான். நிம்மதியா ஒரு வார்த்தை பேச முடியாது. வாங்க, காத்தாட நிப்போம்."

பால்கனிக்குப் போனவர்கள் தோள்மேல் கைபோட்டுத் திரும்பி வந்தார்கள். கல்யாணத்தை அடுத்த மாதமே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. மகள் மூச்சு விட்டாள். "சம்பந்தி, நிலாவுலேருந்து பாத்தா சீனப் பெருஞ்சுவர் வெறுங்கண்ணுலயே தெரியுமாமே," என்றார் விஞ்ஞானி. "பளிச்சுன்னு தெரியும்," என்றார் சம்பந்தி.

பாதிரியார் வாயைத் திறந்தார். அக்கா அவர் கையை அழுத்திப் பிடித்தாள். "தாலி ஏறட்டும்டா."

உண்மைக்காகவே வாழ்ந்த மனிதர், சுவர் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். சும்மா கேட்கிறேன்: நாளைக்கு அலுவலகத்தில் டீ குடிக்கும்போது, "கலிலியோவை எரிக்கவே இல்லை, உங்களுக்குத் தெரியுமா?" என்று யாரிடம் முதலில் ஆரம்பிக்கலாம் என்றுதானே இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?