பூதக்கண்ணாடி சாரும் பதினோரு வளைப் பெருச்சாளியும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒரு சுவரைச் சும்மா தாண்டிப் போகத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே தாலுகா ஆபீசில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சுவரில் படமோ எழுத்தோ இருந்தால் நின்றுவிடுவார். தோள் பையிலிருந்து கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடியை எடுப்பார். மூக்கு சுண்ணாம்பில் ஒட்டும் அளவுக்குக் கிட்டே போவார். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாலும் அசைய மாட்டார். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் பூதக்கண்ணாடி சார்.

உத்தியோகம் ரிக்கார்டு கிளார்க். பட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் தூசியோடு தூங்கும் அறை அவருடையது. ஒரு புலப்படம் கேட்டால் எடுத்துக் கொடுக்க அரை நாள் ஆகும். படம் கிடைக்காமல் இல்லை. கிடைத்த பிறகுதான் தாமதமே ஆரம்பிக்கும்.

"இந்த சர்வேயர் வாய்க்காலை எப்படி வளைச்சிருக்கார் பாருங்க! தண்ணி ஓடுற சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

"சார், அந்த வாய்க்கால்ல தண்ணி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குத்தான் மனு எழுதிக்கிட்டு வந்திருக்கேன்" என்பார் வந்த விவசாயி, அழாத குறையாக.

பெரிய கோயில் ஓவியத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். "அவங்களுக்கு ஆயிரம் வருஷமா ஆள் இருக்கு சார். நம்ம பட்டாணிக் கடை போர்டுல குதிரை போட்டவனுக்கு யார் இருக்கா? செத்த பிறகு கண்டுபிடிக்கிறது மியூசியம் வேலை. உசிரோட இருக்கும்போதே போய், 'நீதானாய்யா அது?'ன்னு கேக்கணும்."

கேட்கவும் செய்தார். பீடிக் கட்டு லேபிளில் இருந்த மானைப் பார்த்துவிட்டு, அதை வரைந்தவரைத் தேடி மூன்று ஊர் அலைந்தார். ஒரு தடவை ஆபீசுக்கு வந்த சஷ்டியப்த பூர்த்தி அழைப்பிதழில் ஒரு யானை இருந்தது. அழைப்பு தாசில்தாருக்கு. போனது இவர். திருக்கடையூரில் இறங்கி, முன்பின் தெரியாத தம்பதிக்கு நடுவில் புகுந்து, "யானை யார் போட்டது?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கோயில் யானையைக் காட்டினார்களாம். பெண் வீட்டு உறவு என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டு உறவு என்று பெண் வீட்டாரும் நினைத்து இரண்டு பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் ஒரு அச்சகத்து மாடியில் அந்த யானைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். மறுநாள் ஆபீசில் அறுபத்து மூன்று பேருக்கும் அந்த ஓவியரின் பேர் மனப்பாடம்.

அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. கண்டுபிடித்த பேரை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், இழவு வீட்டில் சொல்வார். "பேர் போடாத படம் அநாதை சார்" என்பார்.

மேரியைக் கண்டுபிடித்த கதைக்கு இந்த ஜில்லாவின் ஜமாபந்தியே சாட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை கலெக்டர் வந்து கிராமக் கணக்கெல்லாம் பார்க்கும் நாள் அது. கலெக்டர் மேஜைக்குக் கான்வென்ட் தையல் வகுப்பிலிருந்து பூவேலை செய்த விரிப்பு வாங்கிப் போட்டிருந்தோம். பூதக்கண்ணாடி சார் அடங்கல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரிப்பைப் பார்த்தார். அடங்கலைக் கலெக்டர் மடியில் வைத்துவிட்டு, விரிப்பின் நுனியைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். மோர் தம்ளர், மைப்புட்டி, ரப்பர் முத்திரை எல்லாம் ஊர்வலமாகக் கலெக்டரை நோக்கி நகர்ந்தன.

"வாட் இஸ் திஸ்?" என்றார் கலெக்டர்.

"வாத்து சார்! அறுப்பு முடிஞ்ச வயல்ல மேயுற வாத்து. பதினாலு வாத்து, பதினாலும் வேற வேற மூஞ்சி. இது கோவமா இருக்கு, இது கடன்காரனைப் பார்த்த மாதிரி ஒதுங்குது. யார் கை சார் இது?"

கலெக்டரும் குனிந்து பார்த்துவிட்டார் என்பதுதான் ஆச்சரியம். "ஆமா, இது எங்க சூப்பரின்டென்டென்ட் மாதிரி இருக்கு" என்று சிரித்ததால் சாரின் வேலை தப்பியது.

அன்று சாயங்காலமே கான்வென்ட்டுக்கு ஓடினார்; என்னையும் இழுத்துக்கொண்டுதான். வாத்து வரைந்து, தைக்கக் கற்றுக்கொடுப்பவர் மேரி. வயது இருபத்து மூன்று இருக்கும். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அண்ணன் அந்தோணி விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முழு நேர ஆள். கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியதில் போலீசுக்கு அவர் மேல் ஒரு கண் இருந்தது.

"நீதானாம்மா அந்த வாத்து?" என்றார் சார்.

மேரி பயந்துவிட்டார். "ஏன் சார், யாராச்சும் புகார் சொன்னாங்களா? ஒண்ணே ஒண்ணுதான் சார் மதர் மாதிரி போட்டேன்."

"கையைக் காட்டும்மா" என்று கேட்டு, அந்த விரல்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. கிளம்பும்போது மேரி என்னிடம் மெதுவாக, "சார், அவர் என் பேரை ஊர்பூரா சொல்லாமப் பார்த்துக்குங்க" என்றார். காவிரியை மேட்டூருக்குத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம்.

அது ஆட்சி மாறி சுவர்களுக்கெல்லாம் யோகம் அடித்திருந்த காலம். எந்தக் கட்சிக்கு எந்தச் சுவர் என்று வருஷக்கணக்கில் முன்பதிவு. வீட்டுக்காரர் தன் பேரை எழுதத்தான் இடம் இருக்காது. அதோடு நில உச்சவரம்புச் சட்டமும் வந்து, பெரிய பண்ணைகள் நிலத்தை யார் யார் பேரிலோ எழுதிவைத்துத் தப்பிக்கப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவர், ஊர் பாஷையில் பெரிய பண்ணை, இதில் கெட்டிக்காரர். அவர் மேல் விசாரணை எங்கள் ஆபீசில் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் விடிந்து பார்த்தால், பஸ் ரோட்டைப் பார்த்த அவருடைய நெல் கிடங்குச் சுவரில் ஒரு படம். கரியும் சலவை நீலமும் கொண்டு ஆளுயரத்துக்கு ஒரு பெருச்சாளி. தங்கக் கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் முறுக்கிய மீசை, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம். சுற்றிலும் பதினோரு வளை. ஒவ்வொரு வளை வாசலிலும் ஒரு பேர்ப்பலகை: மாமியார், சமையல்காரர், கார் டிரைவர், தொட்டில் குழந்தை, காலமான சித்தப்பா என்று. காலமான சித்தப்பாவின் வளைக்கு மாலை போட்டிருந்தது. பஸ்கள் நின்று நிதானமாகப் போயின.

சங்கத்துக்காகச் சுவரில் எழுதுகிறவர் அந்தோணி. அதனால் காலையிலேயே அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார் இன்ஸ்பெக்டர். கேஸ் எழுத ஒரு சாட்சி வேண்டும். எந்தக் கோட்டையும் பார்த்த மாத்திரத்தில் இன்னார் கை என்று சொல்லக்கூடியவர் ஒருவர் தாலுகா ஆபீசில் இருப்பது ஊரறிந்த விஷயம். ஜீப் வந்தது. சார் வழியில் வேறு சுவரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நானும் ஏறிக்கொண்டேன்.

கிடங்கு முன்னால் பாதி ஊர் கூடியிருந்தது. பெரிய பண்ணை நாற்காலியில் கொதித்துக்கொண்டிருந்தார். அந்தோணி கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் மேரி. முகத்தில் ரத்தமே இல்லை.

சார் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். பூதக்கண்ணாடியைப் பெருச்சாளியின் வாலில் ஆரம்பித்து மூக்கு வரை நகர்த்தினார். "அடடா!" என்றார். "அடடடா! இந்த வால் முடியுற இடத்தைப் பாருங்க சார். கொடி சுத்துற மாதிரி... இதே சுழிப்பு..."

நான் அவர் இடுப்பில் கிள்ளினேன். அப்போதுதான் திரும்பி மேரியைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், அந்தோணி கைதானே இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை."

"அப்ப யாரு?"

சார் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியில் வேர்த்தது. பேர் தொண்டை வரை வந்து நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது. வாழ்நாளில் ஒரு ஓவியரின் பேரையும் அவர் விழுங்கியதில்லை.

"நான்தான்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து நீட்டினார். "பக்கத்துல இன்னொண்ணு போடுங்க, பார்ப்போம்."

சார் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, கால் மணி நேரம், சர்வ ஜாக்கிரதையாகப் போட்டார்.

"இது கத்திரிக்காய்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வால் இருக்கு பாருங்க."

"அது காம்பு சார்."

பெரிய பண்ணை எழுந்துவிட்டார். "யோவ், யார் போட்டா என்னய்யா? என்னைச் சந்தி சிரிக்க வச்சிருக்கான்! புகாரை எழுதுங்க இன்ஸ்பெக்டர்."

சார் பூதக்கண்ணாடியோடு அவர் கிட்டே போனார். அவர் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். "ஐயாவுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? இது பெருச்சாளி ஆச்சே."

"கண்ணு தெரியலையா? என் கண்ணாடி, என் மீசை, என் அங்கவஸ்திரம்! அச்சு அசலா நான்தான்யா அது!"

"அப்படியா? இன்ஸ்பெக்டர் சார், ஐயா சொல்றதை அப்படியே எழுதிக்குங்க. பெருச்சாளி ஐயாதான். அப்போ வளையும் ஐயாவோடதுதானே? மாமியார், சமையல்காரர், சித்தப்பா, மொத்தம் பதினொண்ணு. கையெழுத்து வாங்கி ஒரு நகல் கொடுங்க. உச்சவரம்பு ஃபைல் என் ரூம்லதான் இருக்கு, சேர்த்துடறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைப் பிடித்தபடி பெரிய பண்ணையைப் பார்த்தார். பெரிய பண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜேப்பில் போட்டார். முறுக்கிய பக்கத்து மீசையைக் கீழே நீவி விட்டார்.

"இது நான் இல்லை" என்றார். "ஏதோ எலி."

"யாரோட எலி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், உத்தியோக முறையாக.

"பொது எலி சார்" என்றார் பூதக்கண்ணாடி.

அந்தோணியை விட்டுவிட்டார்கள். சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் நீலம் ஊறி ஊறி மேலே வந்தது. ஆனால் 'நான்தான்' என்று சொன்னது இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏறியிருந்தது. பெரிய பண்ணைக்கு மெட்ராஸ் வரை ஆள் இருந்தது. பதினைந்து நாளில் உத்தரவு வந்தது: அரசு ஊழியர் சுவரில் படம் வரைந்த குற்றத்துக்காகப் பேராவூரணிக்கு மாற்றல். கத்திரிக்காய்க்கே இந்தத் தண்டனை என்றால் பெருச்சாளியை நிஜமாகவே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆபீசில் ஒரு வாரம் பேசிச் சிரித்தோம்.

சாருக்கு மாற்றல் கவலையாக இல்லை. கான்வென்ட் வாசலில் மேரி முன்னால் போய்த் தலை குனிந்து நின்றார். "உன் படத்துக்கு என் பேரைச் சொல்லிட்டேம்மா. இதுவரைக்கும் நான் திருடினதில்லை."

மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அதை விடுங்க சார். பக்கத்துல நீங்க ஒண்ணு போட்டீங்களே, அதை மொதல்ல அழிக்கச் சொல்லிட்டுப் போங்க. என் படத்துக்கு அசிங்கமா இருக்கு."

சார் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை.

மேரி பிற்பாடு ஒரு பெண்கள் பத்திரிகைக்குப் படம் போட ஆரம்பித்தார். கீழே முழுப் பேரோடு. அந்தப் பத்திரிகைக்கு மாதிரிப் படங்கள் பேராவூரணித் தபால் முத்திரையோடு போயிருந்தன என்பது அவருக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

சார் கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவன் நான். இந்த மனிதருக்கு எப்போது மாற்றல் வரும் என்று ஒன்பது வருஷம் வேண்டிக்கொண்டவனும் நான்தான். அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் எதிர்ச்சுவர் சினிமா போஸ்டரில் மூழ்கிவிட்டார். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை. பஸ் நகரும்போது நான் பின்படிக்கு ஓடி, கண்டக்டரிடம், "அவரைக் கொஞ்சம் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. வழியில எங்கயாவது எறங்கிடுவாரு" என்றேன்.

"உங்க அண்ணனா சார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.