மரநாய் சொரணையை ஆஃப் செய்த கதை

ஒரு காட்டில், கரண்ட் வந்து, இன்டர்நெட்டும் வந்து, புத்தி மட்டும் இன்னும் வந்து சேராத மரநாய் ஒன்று இருந்தது. பெயர் கோமதிநாயகம். பழைய இலுப்பை மரப் பொந்தில் மனைவி செண்பகவல்லியோடும் கண் திறக்காத இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது. பொந்து செண்பகவல்லியின் அம்மா வீட்டுச் சீதனம். மழைக்கு ஒழுகாத பொந்து அந்தக் காட்டில் அது ஒன்றுதான். ஐப்பசி மழையோ இன்றைக்கா நாளைக்கா என்றிருந்தது.

அந்தப் பொந்தில் பாதியை ஒரு கம்ப்யூட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் அதை ஓவர்கிளாக் செய்துகொண்டிருந்தது. அதாவது, செய்தவன் 'இவ்வளவு வேகம் போதும்' என்று சொல்லி அனுப்பிய பிராசஸரை, போதாது, இன்னும் ஓடு என்று விரட்டுவது. அப்படி என்ன தலைபோகிற வேலை என்று கேட்காதீர்கள். ஒரு வேலையும் இல்லை. பக்கத்துக் காட்டு நரி 5.4 கிகாஹெர்ட்ஸ் என்று குரூப்பில் படம் போட்டிருந்தது. இது 5.5 போட வேண்டும். அவ்வளவுதான் லட்சியம்.

விரட்டினால் சூடு ஏறத்தான் செய்யும். நூறு டிகிரியைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிடும். கோமதிநாயகத்துக்கு மானம் போகும்.

"ஏங்க, அந்த ஃபேன்ல உங்க முடியே ஒரு கூடை அடைச்சுக் கிடக்கு. முதல்ல அதை எடுங்க," என்றது செண்பகவல்லி. பெட்டியோடு வந்த புத்தகத்தை அந்த வீட்டில் பிரித்துப் படித்தது அது மட்டும்தான். "பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காய்ஞ்சு உதிருது. புதுசா தடவுங்க. அதுக்கும் அடங்கலைன்னா வேகத்தைக் குறைங்க. பிள்ளைங்களும் இதுக்குள்ளதான் படுத்திருக்கு."

துடைப்பதும் தடவுவதும் கோமதிநாயகத்துக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் அது குளத்துக்குப் போனது. அங்கே சுடலைமுத்து என்ற எருமை கோடை முழுக்கத் தண்ணீரில் கிடந்தே பெரிய மனுஷன் என்று பேர் வாங்கியிருந்தது. குளிர்ச்சி விஷயத்தில் காடே அதனிடம்தான் யோசனை கேட்கும்.

"சூடு தாங்கலை வே. நீரு எப்படித்தான் தாங்குதீரோ?" என்றது மரநாய்.

எருமை அசைபோட்டு முடிக்கும்வரை அது கைகட்டி நின்றது.

"எனக்கும் சுடத்தான் செய்யும்," என்றது எருமை. "குளத்தைக் கலக்குதேன், வழியை மறிக்கேன்னு காடே என்னைத் திட்டுது. நான் காதுல வாங்குறதில்ல. வாங்கினாத்தானே வே சுடும்? உம்ம பெட்டிக்குச் சொரணை ஜாஸ்தி. அதைக் கழட்டிவிடும்."

கோமதிநாயகம் எருமையின் காலில் விழுந்து கும்பிட்டது. இதையும் ஒரு யோசனை என்று நம்பிய ஜென்மத்தை என்னவென்று சொல்வது.

வீட்டுக்கு வந்த கையோடு, கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் எல்லாம் இருக்கும் பயாஸுக்குள் புகுந்து, சூடு ஏறினால் அணைந்துவிடும் ஏற்பாட்டை ஆஃப் செய்தது. பீப் சத்தம் வரும் ஓட்டையை இலவம்பஞ்சு வைத்து அடைத்தது. ஃபேன் இரைச்சலும் பிடிக்கவில்லை. அதன் மேலும் பஞ்சு. காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்ததா? யோசிக்கிற ஜாதியாக இருந்தால் எருமையிடம் ஏன் போகிறது.

வேகத்தைக் கூட்டியது. 5.5 வந்தது. பெட்டி கத்தவில்லை. கோமதிநாயகம் போனில் படம் பிடித்துக்கொண்டது. செண்பகவல்லி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்த் தரையில் விட்டது. இரண்டாவது குட்டியை விட்டுவிட்டு நிமிர்வதற்குள் பஞ்சு பற்றி, பொந்து பற்றி, புகை கிளம்பியது. கோமதிநாயகம் போனைக் கவ்விக்கொண்டு குதித்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காடே திரண்டு வந்தது. துக்கம் கேட்க வந்தார்கள் என்று நினைத்தால் நீங்களும் ஏமாளிதான். 5.5 எடுத்த அந்தக் கையைப் பார்க்க வந்தார்கள். எருமை கரையேறி வந்து சிஷ்யனை வாழ்த்தியது. குரங்கு தன் பெட்டிக்கும் அடைக்க ஏற்கெனவே பஞ்சு பறித்து வைத்துவிட்டதாம். குரூப்பில் நரி, "அண்ணாச்சி, எந்த கூலர்?" என்று பணிவாகக் கேட்டிருந்தது.

குட்டிகளை வயிற்றுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி செண்பகவல்லி கேட்டது. "எங்கம்மா கொடுத்த வீடு சாம்பலாப் போச்சு. பிள்ளைங்க குளிர்ல நடுங்குது. உங்களுக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்கா?"

நரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த கோமதிநாயகம் தலை நிமிரவில்லை.

"சூடு இருக்கு. சொரணையைத்தான் ஆஃப் பண்ணியாச்சே."

நீதி: சூடு கண்டதும் நின்றுவிடுவது பெட்டியின் பலவீனம். சொரணையைக் கழற்றிப் போட்டவனுக்குக் கூலரே வேண்டாம்; அவனோடு குடியிருப்பவர்கள் மட்டும் ஆளுக்கொரு குடை வாங்கி வைத்துக்கொள்ளவும்.