கம்பி இல்லாத பொத்தான்

சேசு மரி சூசை துணை

வெள்ளைக்கல் எஸ்டேட்,
பூப்பாறை வழி, இடுக்கி ஜில்லா.
18-5-1977

என் மைத்துனன் மிக்கேல்ராஜுக்கு அத்தான் மத்தியாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் சிசிலியும் பிள்ளைகளும் தேவமாதாவின் தயவால் சுகம். கோயமுத்தூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சத்துருவுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பங்குச் சாமியார் போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன், நீ வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளை, ரேடியோவும் கேமராவும் விற்கிற கடையில் இத்தனை வருஷம் நிற்கிறாயே, ஒரு பொத்தான் பார்த்து வாங்கி அனுப்ப உனக்குத் துப்பு இல்லையா? நான் உன்னிடம் என்ன கேட்டேன்? எங்கள் எஸ்டேட்டில் கூலி ஜனங்கள் குடியிருக்கிற லயங்களின் கூரையெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், சல்லடையாகப் போய்விட்டது. இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் மாற்றாவிட்டால் இந்த வருஷம் ஜனங்கள் குடியிருக்க முடியாது. போன மழையில் கொழுந்து எடுக்கிற மாரித்தாய் தன் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கொச்சியிலிருந்து டைரக்டர்மார் வருகிறார்கள், அவர்களுக்கு லயங்களைப் படம் எடுத்து சிலைடு மெஷினில் போட்டுக் காட்டி, எஸ்டேட் ரைட்டராகிய நானே முன்னால் நின்று பேசிச் சம்மதம் வாங்கப் போகிறேன், திரைக்குப் பக்கத்தில் நின்றபடியே படத்தை மாற்ற ஒரு பொத்தான் வேண்டும் என்று விவரமாக எழுதினேன். போன வருஷம் பொத்தானின் கம்பியில் ஒரு டைரக்டரின் கால் மாட்டி, மனுஷன் குப்புற விழப் பார்த்தார். அதனால் எங்கள் மேனேஜர் பெரிய துரை, "மத்தியாஸே, இத்தவண தரையில ஒரு கம்பியும் கிடக்கக் கூடாது கேட்டோ" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதையும் எழுதினேன்.

அதற்கு நீ என்ன பதில் எழுதினாய்? கம்பி இல்லாததில் இரண்டு வகை இருக்கிறது அத்தான், ஒன்று டார்ச் மாதிரி வெளிச்சம் அடித்தால் படம் மாறுவது, இன்னொன்று மனுஷன் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தில் மாறுவது, வெளிச்சத்தில் மாறுவது வெயில் பட்டால் தானாக மாறிவிடும், ஆகையால் சத்தத்தில் மாறுவதே மேல், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதினாய். கண்ணை மூடிக்கொண்டுதான் நீயும் வாங்கியிருக்கிறாய். ஏன் மாப்பிள்ளை, எங்கள் ஊரில் வெயிலை நீ என்றைக்குப் பார்த்தாய்? சித்திரை மாதத்திலும் எதிரே வருகிறவன் அண்ணனா தம்பியா என்று தெரியாதபடி மூடுபனி விழுகிற ஊர் இது. போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் பல் கிட்டி, என் கம்பளிச் சட்டையைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டவன் நீதானே? இந்த ஊருக்கு வெயிலுக்குப் பயந்து பொத்தான் வாங்குகிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, உன்னிடம் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சரி, நடந்ததைக் கேள். புதுசாகக் கட்டின கான்பரன்ஸ் ஹாலில் டைரக்டர்மார் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். மெஷினில் சிலைடு சொருகுகிற வட்டத் தட்டில் முதல் பாதி என் லயத்துப் படங்கள், அடுத்த பாதி பெரிய துரை தன் கையால் எடுத்த பங்களாப் படங்கள். எஸ்டேட்டின் அழகையும் காட்ட வேண்டும் என்று அவர் பிரியப்பட்டார், நான் மறுக்க முடியுமா? எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. டைரக்டர் வருகிற அன்று எந்த அறையைத் திறக்கச் சொல்வாரோ என்று பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி ஸ்டோர் சுடலை, டீ மேக்கர், கம்பவுண்டர், கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்து ஆயா, பங்களா பட்லர் வீரபாண்டி என்று பின்வரிசை முழுக்கச் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் ஜெபம் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் எப்படி என்று உனக்குத் தெரியும். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நடுவில் நிறுத்தினால் முதலில் இருந்துதான் வரும். அதனால் டைரக்டர்மாரின் முகத்தையே பார்த்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"இந்த ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறார்கள்" என்று நான் இங்கிலீஷில் உருக்கமாகச் சொல்கிறேன், முன் வரிசையில் ஒருவர் வாயைப் பொத்துகிறார். அழுகிறார் போலிருக்கிறது, கர்த்தர் அவர் மனசை இளக்கிவிட்டார் என்று நினைத்தேன். பெரிய டைரக்டர் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆருடெ வீடு?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்குமுன் வீரபாண்டி பின்னால் இருந்து எழுந்து பதில் சொல்லிவிட்டான்.

"பிரின்சோட வீடு சார்."

"பிரின்ஸ் ஆரு? கங்காணியோ?"

"இல்ல சார், நாயி."

திரையில் துரை பங்களா நாயின் கூடு. புத்தம் புதுத் தகரம், பச்சைப் பெயின்ட், வாசலில் ரோஜாத் தொட்டி. பொத்தானை அமுக்கினேன், லயம் வரவில்லை, துரைசாணி பூப்போட்ட குடையோடு புல்தரையில் நின்றார். அதே நேரம் பாழாய்ப்போன வாய் தன்பாட்டுக்கு, "மழைக்காலத்தில் இந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்திருக்கிறாள்" என்று ஒப்பிக்கிறது. பின்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவர்கள் சிரிக்கச் சிரிக்கப் படம் தானாக ஓடுகிறது, படம் ஓட ஓட அவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். கக்கூஸைப் பற்றிச் சொன்னபோது துரையின் விருந்து மேசை வந்தது. அத்தோடு விட்டதா? தட்டு வட்டமாயிற்றே, ஒரு சுற்று முடிந்து திரும்பவும் என் லயங்கள் வந்தன. அப்போது நான் பேச்சின் இரண்டாம் பாதிக்கு வந்திருந்தேன். "நம் எஸ்டேட்டின் பெருமையாகிய இந்த மாளிகை" என்று கையை நீட்டுகிறேன், மாரித்தாயின் வீட்டில் ஒழுகுகிற தண்ணீருக்குச் சட்டியும் பானையும் வரிசையாக வைத்திருக்கிற படம் நிற்கிறது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது மாப்பிள்ளை, இந்தக் குளிரில்.

பெரிய டைரக்டர் எழுந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. நேரே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பெரிய துரையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. "மத்தியாஸே, நான் விளிக்கும் வரை ஆபீசுக்கு வரண்டாம்" என்றார். எல்லாரும் போன பிறகு, காலியான ஹாலில் நான் அந்தப் பொத்தானை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுடலை ஹாலைப் பூட்ட வந்து சாவிக்கொத்தை உதறினான். மெஷின் 'டக்' என்று அடுத்த படத்துக்குப் போயிற்று. இன்னொரு தடவை உதறச் சொன்னேன், இன்னொரு படம் போயிற்று. காதுக்குக் கேட்காத சத்தம் என்று நீ எழுதினாயே, அந்தச் சத்தம் சாவிக்கொத்திலும் இருக்கிறதாம். இத்தனை பெரிய சங்கதியை உன் கடைக்காரன் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் நீ வழக்கம்போல டீக்கடைக்குப் போயிருந்தாயா? ஹாலில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஒரு பொத்தானைக் கொடுத்து வைத்த மாதிரி ஆகிவிட்டதே, அட பாவி மனுஷா.

அன்று சாயங்காலம் மாரித்தாய் என் வாசலில் வந்து நின்றாள். "ரைட்டரய்யா, தகரம் உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு மழைக்கு முந்தியே போடியில எங்க அக்கா வீட்டுக்குப் போயிருதேன்" என்றாள். வேலையை விட்டுப் போனால் திரும்பி வருகிறபோது ஆட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் அவள் பேர் இருக்குமா? உன் அக்காள் அவளுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கும் நீதான் ஜவாப்தாரி.

ஆகையால் இதனால் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், பொத்தானை அடுத்த வாரம் போடி பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். அதைக் கடைக்காரன் தலையில் போடு, அவன் வாங்காவிட்டால் உன் தலையில் போட்டுக்கொள். அடுத்த மாதம் அந்தோனியார் திருநாளுக்கு இந்தப் பக்கம் வந்துவிடாதே. வந்தால் உனக்குக் கறிச்சோறு கிடையாது. உன் அக்காள் ஒளித்து வைத்துப் போடுவாள், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். புனிதர்கள் எல்லாரும் உன்னை ஆசீர்வதித்து, முதலில் புத்தியைத் தருவார்களாக.

இப்படிக்கு,
வேறு மைத்துனன் இல்லாத காரணத்தால் உன் அத்தான்,
மத்தியாஸ்.

பி.கு.: தபால்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் கடிதம் போகவில்லை. ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று லாரியில் தகரம் வந்து இறங்கிவிட்டது. எல்லா லயத்துக்கும் மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும் என்று கொச்சியில் இருந்து உத்தரவு. பெரிய டைரக்டர் துரையைக் கூப்பிட்டு, "உங்க ரைட்டர் தைரியசாலியாணு. பேசியது ஒண்ணு, காட்டியது ஒண்ணு, என்னைத் தலை குனிய வச்சான்" என்றாராம். துரை என் வீட்டுக்கு ஆளனுப்பி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "மிஸ்டர் மத்தியாஸ், உட்காரணும்" என்றார். யூனியன்காரர்கள் மாலை போட்டார்கள். மாரித்தாய் போடிக்குப் போகவில்லை. "வாயால சொன்னா தொரமாருக்கு உறைக்காதுன்னுதான் அய்யா படத்த மாத்திப் போட்டாங்க" என்று தகரம் ஏற்றுகிறவர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். நான் மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். உன் அக்காள் கல்யாணம் ஆன நாளில் இருந்து என்னை இப்படிப் பார்த்தது இல்லை, மீன் தலையை எனக்கு வைத்தாள்.

ஆகையால் பொத்தானை அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த உடனே அடுப்பில் போட்டுவிடு, மறந்துவிடாதே. திருநாளுக்குக் குடும்பத்தோடு கட்டாயம் வா. வந்த இடத்தில் உன் அக்காள் கேட்டால், சத்தத்தில் மாறுகிற பொத்தான்தான் வேண்டும் என்று அத்தான் பிடிவாதமாக எழுதினார், நான் வெளிச்சத்தில் மாறுவதைத்தான் வாங்கச் சொன்னேன் என்று சொல்.