நான் அடைகாத்த வான்கோழி

ஆண்பிள்ளை அடைகாத்துக் குஞ்சு பொரித்த கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பொரித்தவன் நான்தான்.

எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம். வடகரப்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று அம்மா கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, கோழிமுட்டைகளை அடுக்கினாள். நான் கோயமுத்தூர் சந்தையில் வாங்கிய மூன்று வான்கோழி முட்டைகளையும் அதே நாளில் அதே கூடையில் வைத்தேன். (பெரிய விஞ்ஞானி!) கோழிக்கு மூன்று வாரம், வான்கோழிக்கு நான்கு வாரம் என்பது எனக்குத் தெரியாது.

கோழிக்குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு எருக்குழிக்கு மேயக் கிளம்பிவிட்டது. கெஞ்சினேன், பிடித்து அமுக்கினேன். கையைக் கொத்திவிட்டுப் போயே போய்விட்டது. மிச்ச முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ துள்ளியது. அடடா, எனக்கும் துள்ளியது! ஊரில் வேறு அடைக்கோழி அகப்படவில்லை. மூன்றையும் துணியில் சுற்றி என் வயிற்றோடு கட்டிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் கொழிஞ்சாம்பாறையில் பெண் பார்க்க ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"அதைய அவுத்து வெச்சுட்டு வாடா" என்றாள் அம்மா.

"இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சுரும். இப்ப உட்டா செத்துப்போயிரும்மா!"

"இந்த இடமும் போச்சுன்னா நீ வான்கோழியவே கட்டிக்க."

பெண் பெயர் சரசு. காபி கொடுக்கும்போது ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அப்போது பார்த்து அவளுடைய பெரியப்பா வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கால்ல உழுந்து கும்புடுங்க மாப்ள" என்றார்கள்.

விழுந்தால் மூன்றும் ஆம்லெட்.

"பொறவு உழுகறேனுங்க" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "வணங்காத முதுகு நம்மூட்டுக்கு வேண்டாமுங்க. அவிங்களக் கெளம்பச் சொல்லுங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் என் வயிற்றிலிருந்து "கீச்" என்றொரு சத்தம்.

எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். மறைக்க வழியில்லை, துணியை அவிழ்த்தேன். ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பெண் வீடாவது, பெரியப்பாவாவது! "அம்மா, பொரிச்சுருச்சும்மா!" என்று கூரை அதிரக் கத்தினேன்.

சரசு கதவோரத்திலிருந்து ஓடிவந்து, குஞ்சையும் மற்ற முட்டைகளையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். "பெரியப்பா, நான் இவரையே கட்டிக்கறனுங்க. முட்டையவே இப்புடிப் பாத்துக்கறவரு என்னைய உட்டுருவாருங்களா?" என்றாள்.

மடி காலியானதும் நெடுஞ்சாண்கிடையாகப் பெரியப்பா காலில் விழுந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆசீர்வாதமே பாதிதான் வெளியே வந்தது. மற்ற இரண்டும் அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் வீட்டுத் தவிட்டுக் கூடையிலேயே பொரித்தன.

இன்றைக்கும் புதிதாக யாராவது வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், சரசு என்னை வாயைத் திறக்க விடுவதில்லை.

"எங்களுக்கு ரெண்டு பசங்கங்க. அதுக்கு முன்னால இவரு தனியாப் பெத்தது மூணுங்க."