பச்சை டிக் பக்தர்

உலகில் பச்சை டிக் பக்தர் என்றொரு வகை மனிதர் உண்டு. காரியம் நடந்ததா என்று பார்க்கமாட்டார். நடந்துவிட்டதாகத் திரை சொல்கிறதா என்று மட்டும் பார்ப்பார். சொல்லிவிட்டால் அவர் முகத்தில் படரும் நிம்மதி இருக்கிறதே, மகன் பரீட்சையில் தேறிய செய்தி கேட்ட தகப்பன்கூடத் தோற்றுப்போவான்!

பிலிப்பைன்ஸின் செபு நகரில் தடுப்பூசிக் குளிர்பெட்டி தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் ரொமுலோ இந்த வகையில் அசல் சரக்கு. இளையவர்களுக்கு அவர் 'கூயா' ரோமி, அதாவது ரோமி அண்ணன். பெட்டியின் கையேடு இணையத்தில் இருக்கிறது. யாராவது அதில் ஒரு வரி திருத்திச் சேமித்தால் போதும். கணினி தானாகவே முழுக் கையேட்டையும் புதிதாகக் கட்டி, எழுத்துப் பிழை, அறுந்த இணைப்பு, விடுபட்ட படம் என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்து, எல்லாம் தேறினால் பச்சை டிக் போட்டு வெளியிட்டுவிடும். தேறாவிட்டால் சிவப்பு. ஏற்பாட்டைச் செய்தவர் ரோமிதான். ஊர்த் திருவிழாவில் வறுத்த பன்றி தட்டுக்கு வந்த பிறகும் முதலில் போனைப் பார்ப்பார். பச்சை. அப்புறம்தான் சாப்பாடு இறங்கும்.

சிவப்பு வந்தால்? பிழையைத் திருத்துவார் என்றா நினைத்தீர்கள்? பிழையைக் கண்டுபிடித்த சோதனையை நிறுத்துவார். "தற்காலிகமாத்தான்பா" என்பார். படச் சோதனை போயிற்று. வெற்றுப் பக்கத்தைத் தடுக்கும் சோதனை ஒரே ஒரு முறை கூச்சல் போட்டது, அதுவும் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் மாரிவிக் தொலைபேசியோடு ஓடிவந்தாள்.

"கூயா, பந்தயான் தீவுலேர்ந்து நர்ஸ் ஜோவிதா. பெட்டி அலறுதாம். கையேட்டைத் திறந்தா வெள்ளையா இருக்காம்."

"இருக்காதே! இங்க பச்சையா இருக்கே."

"அங்க வெள்ளையா இருக்கு கூயா."

"அவங்க நெட் சரியில்ல. தீவுதானே?"

மாரிவிக் தன் போனை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். ஏழாம் அத்தியாயம், 'பெட்டி அலறினால்'. தலைப்புக்குக் கீழே பால் கொட்டியதுபோல் வெறுமை. யாரோ கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அத்தியாயங்கள் அகப்படாத கணினி, வெறும் பக்கங்களைக் கட்டி, ஒரு பிழையும் இல்லை என்று சான்றளித்து வெளியிட்டுவிட்டது. வெற்றுத் தாளில் பிழை எங்கிருந்து வரும்?

தொலைபேசியில் நர்ஸின் குரல் நடுங்கியது. "மேம், ஏழரை டிகிரி ஆயிடுச்சு. எட்டைத் தாண்டினா அத்தனை மருந்தையும் ஒதுக்கிடணும். வெளிய அறுபது அம்மாங்க பிள்ளையத் தூக்கிட்டு நிக்கிறாங்க. நான் போய் என்னன்னு சொல்ல?"

ரோமி தொலைபேசியை வாங்கிக்கொண்டார். மூலக் கோப்பைத் தேடித் திறந்தார். ஆயிரத்து இருநூறு முறை வெளியிட்ட கையேட்டை, வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தார்.

"பின்பக்கம்... மூடியக் கழற்றுங்க மேம். மஞ்சள் விசை தெரியுதா? கீழ தள்ளி, முப்பது எண்ணுங்க."

அந்த முப்பதுக்குள் ரோமி தனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

"அலறல் நின்னுடுச்சு சார்! ஏழு புள்ளி நாலு... மூணு... இறங்குது!"

அந்த அறுபதில் ஒரு குழந்தை வீறிட்டது தொலைபேசியில் கேட்டது. ரோமியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அழுறதெல்லாம் அப்புறம்," என்றாள் மாரிவிக். "நிறுத்தின சோதனையப் போடுங்க."

போட்டார். நாற்பத்தொரு சிவப்பு! மதியச் சாப்பாட்டை மறந்து, ஒவ்வொன்றாய்த் திருத்தினார். மூன்று மணிக்குப் பச்சை வந்தது.

"பக்கத்தைத் திறந்து பாருங்க கூயா."

"எதுக்கு? அதான் பச்சை ஆயிடுச்சே!"

மாரிவிக் முறைத்தாள். திறந்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று அம்மாவுக்கு "எப்படி இருக்கே?" என்று செய்தி அனுப்பி, இரண்டு நீல டிக் விழுந்ததும் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்களே, அவள் பதில் எழுதினாளா?