நீலக் கோப்பை வரவேற்பு

விருந்தோம்பலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது எந்த நாகரிகம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் எங்கள் கோல்டர்ஸ் முனைக்கு வந்து, புனித பர்னபா எபிஸ்கோபல் ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் காபி குடித்ததில்லை. குடித்திருந்தால் வாதம் அன்றே முடிந்திருக்கும்.

அந்த ஆலயத்தின் வரவேற்புக் குழுவுக்குத் தலைவன் என்ற 'சிலுவை' என் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. எங்கள் முறை எளிது. புதியவர்களுக்கு நீலக் கோப்பையில் காபி, சபையாருக்கு வெள்ளை. நீலத்தைக் கண்டதும் சபையார் விரைந்து சென்று வரவேற்க வேண்டும். கோப்பைகள் வருவதற்கு முன்பு, யாரிடம் அன்பு காட்டுவது என்று தெரியாமல் நாங்கள் திண்டாடியிருக்கிறோம்.

எங்களுக்கு நிரந்தரக் குருவானவர் இல்லை. ஞாயிறு மட்டும் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வருவார். ஆசீர்வாதம் கூறிய கையோடு காரில் ஏறிவிடுவார். ஆகவே அன்பின் முழுப் பொறுப்பும் குழுவினுடையது.

லைல் கெட்டரிட்ஜ் எங்கள் முறையின் தலைசிறந்த 'பயனாளி'. படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்ந்தவர். தனியாக வந்து தூணுக்குப் பின்னால் உட்காருவார். மூன்று குளிர்காலமாக நீலக் கோப்பையில் குடித்தார். மூன்று குளிர்காலமாக நாங்களும் சளைக்காமல் வரவேற்றோம்.

"வாங்க சார், வாங்க! முதல் தடவையா?"

"போன வாரமும் நீங்கதான் கேட்டீங்க. வந்து... என் வீட்டுக்காரி ரொவீனா..."

"ஓ, கல்யாணம் ஆனவரா! ரொம்ப சந்தோஷம். எங்க கோயில எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மணிச் சத்தம் வீடு வரைக்கும் கேக்கும். அவ படுத்த படுக்கையா இருக்கா. யாராவது திருவிருந்து அப்பத்த வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்தா..."

"மணியா! அந்த மணிக்கு ஒரு பெரிய கதை இருக்கு, கேளுங்க."

மணியின் கதையை நான் நன்றாகச் சொல்வேன். கேட்பவரின் கோப்பை ஆறிப்போகும் வரை சொல்வேன்.

பிறகு, துறைமுகமே பனிமூட்டத்தில் கரைந்துபோன ஒரு காலையில், லைல் தட்டிலிருந்து வெள்ளைக் கோப்பையை எடுத்தார்.

எலுமிச்சை கேக்கைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. குழு அவசரமாகக் கூடியது.

"தெரியாம எடுத்துட்டாரோ?" என்றார் கோப்பைகளின் பொறுப்பாளர் ப்ரூடன்ஸ் ஏம்ஸ்.

"தெரிஞ்சேதான். குடிச்சு முடிச்சுக் கழுவியும் வெச்சார்," என்றேன்.

"கழுவினாரா? அப்ப அடுப்படிக்குள்ளயே போயிட்டாரா! எனக்கு வெள்ளக் கோப்பை கெடைக்கறதுக்குள்ள ரெண்டு பிஷப் ரிட்டயர் ஆயிட்டாங்க, தெரியுமா?"

குழுவின் மூன்றாம் தூணான ஹோரஸ் கண்ணாடியைத் துடைத்தார். "அது இருக்கட்டும்மா. நீலத்துல மிச்சம் இருக்கறதே அவர் ஒருத்தர்தான். அவரையும் வெள்ளைக்கு மாத்திட்டா, அப்புறம் நாம யாரத்தான் வரவேக்கறது?"

கேள்வி ஆழமானது. அதற்கேற்ற ஆழத்துடன் ஆளுக்கொரு கேக் துண்டு எடுத்துக்கொண்டோம். ஆனாலும் கிறிஸ்தவப் பெருந்தன்மை வென்றது. அடுத்த ஞாயிறு, எல்லோர் முன்னிலையிலும் வெள்ளைக் கோப்பையை லைலிடம் நானே வழங்கினேன்.

"லைல், இனிமே நீங்க நம்ம ஆளு!"

கூடம் கைதட்டியது. அவர் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றிங்க. அப்ப ரொவீனா விஷயத்த இப்பவாவது சொல்லிடறேன். அவளுக்கு நாள் அதிகம் இல்ல..."

அவர் நிமிர்ந்தபோது எதிரே யாரும் இல்லை. வெள்ளைக் கோப்பைக்காரரிடம் நின்று பேசுவது எங்கள் முறையில் கிடையாது. நாங்கள் எல்லோரும் வாசலருகே போய், வரக்கூடிய நீலங்களுக்காகப் புன்னகையோடு காத்திருந்தோம்.

லைல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை. வராமலே இருக்கும் அளவுக்கு அவர் முழுமையான சபையாராகிவிட்டதில் எங்களுக்குப் பெருமைதான்.

பனி உருகும் காலத்தில் ரொவீனா இறந்துபோன செய்தி வந்தது. அடக்க ஆராதனை எதிர்த் தெரு மெதடிஸ்ட் ஆலயத்தில். நம் சபையாரின் துக்கம் அல்லவா? குழு முழுவதும் நல்ல கோட்டு அணிந்து, கேக்கும் கையுமாகப் போய் நின்றது.

உள்ளே இடமில்லை. வீட்டுக்குப் போய்ப் பாடும்போது, படுக்கையிலிருந்தே ரொவீனா எந்தப் பாட்டை எந்த இடத்தில் தப்பாகப் பாடுவாள் என்று சொல்லி, ஒரு வரிசையே சிரித்துக்கொண்டு அழுதது. அவர்களில் ஒருத்தி எங்களைக் கண்டு எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பற்றினாள்.

"வாங்க, உள்ள வாங்க. ரொவீனாவ உங்களுக்கு ரொம்ப நாளாப் பழக்கமா?"

நான் ப்ரூடன்ஸைப் பார்த்தேன். ப்ரூடன்ஸ் கேக்கைப் பார்த்தார். சவப்பெட்டியருகே நின்றிருந்த லைல் எங்களைப் பார்த்தார். மெதுவாக நடந்து வந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார்.

"இவங்களுக்கு அவளத் தெரியாதும்மா. புதுசா வந்திருக்காங்க. பாவம், தனியா நிக்க விடாத. நல்லா எடம் பாத்து உக்கார வை."