புலி உத்தய்யா உட்கார்ந்த முக்காலி

மரியாதைக்குரிய மைசூர் அத்தைக்கு,

தேச்சம்மா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு நாய்கள் எல்லோரும் சௌக்கியம். மிளகுக் கொடிக்கு மட்டும் வாடல் வந்திருக்கிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது. நீங்களும் லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நம் முன்னோர் கோயிலான கைமடத்தில் படையல். பிள்ளைகள் யாருக்குப் படைக்கிறோம் என்றே தெரியாமல் பன்றிக்கறிக்கு வரிசையில் நிற்கிறார்கள், அதனால் படையலுக்கு முன் உங்களுக்கும் அப்பாவுக்கும் தாத்தாவான உத்தய்யாவின் வாழ்க்கையை ஒரு பக்கம் எழுதி வாசிக்க வேண்டும் என்று குடும்பத் தலைவரான மந்தண்ணா பெரியப்பா சொல்லிவிட்டார். யார் எழுதுவது என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். "மொகலாயரையே படிச்சு பாஸ் பண்ணினவளுக்கு நம்ம தாத்தா என்ன பெரிசு?" என்றார் பெரியப்பா. மொகலாயர்களைப் பற்றி நான் எழுதியபோது அவர்களுடைய பேரன்கள் யாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

சுலபமாக இருக்கட்டும் என்று தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்பதில் ஆரம்பித்தேன். பெரியப்பா, தாத்தா ரம் இல்லாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார் என்றார். படையல் முடிந்ததும் அந்தப் பாட்டிலைப் பத்திரமாக எடுத்துப் போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். போஜவ்வா பெரியம்மா, ரம்மாவது ஒன்றாவது, மூங்கில் குருத்துக் குழம்புக்குத்தான் அவர் உயிரை விடுவார் என்றார். பெரியம்மா வைக்கும் குழம்புகளில் வாயில் வைக்க முடிவது அது ஒன்றுதான். கோழிப் பண்ணை வைத்திருக்கும் சித்தப்பா கோழி என்றார். கடைசியில் என் காகிதத்தில் தாத்தா இல்லை, சொன்னவர்கள்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சரி, ஆளுக்கு ஆள் மாறாத ஒன்றாவது இருக்கட்டும் என்று புலிக்கு வந்தேன்.

கூடத்தில் இருக்கும் படத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் உங்களுக்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்களாம். புலியைச் சுட்டவரை மாப்பிள்ளை போல உட்கார வைத்துக் கொண்டாடும் புலிக் கல்யாணப் பந்தல், பின்னால் மூங்கிலில் கட்டித் தொங்கும் புலி, முன்னால் முக்காலியில் தாத்தா. தாத்தா புலியைச் சுட்டது எந்த வருடம் என்று கணக்குப் பார்க்கத் தாத்தாவின் பழைய ராணுவக் காகிதத்தை எடுத்தேன், அத்தை, எடுக்காமல் இருந்திருக்கலாம். அதில், ராணுவத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பியதாக இருக்கிறது. காரணம், தூரப் பார்வை போதாது. புலி பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துப் போபய்யா தாத்தாவிடம் போனேன். அவருடைய அப்பா காளய்யாவும் நம் தாத்தாவும் நெருங்கிய சிநேகிதர்கள் அல்லவா.

அவர் காபிக்கொட்டையைக் காலால் துழாவிக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார். புலியைச் சுட்டது காளய்யா. புலிக்கு வைத்த காவல்தான் நம் தாத்தா. தாயத்துக்கென்று ஊர்க்காரர்கள் புலியின் மீசையைப் பிடுங்கிப் போய்விடுவார்கள் என்று, நம்பிக்கையான ஆளாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். காளய்யா தலைப்பாகை கட்ட வீட்டுக்குள் போனார். நின்று நின்று கால் வலித்ததால் தாத்தா முக்காலியில் உட்கார்ந்தார். மழை வருகிறதென்று விராஜ்பேட்டைப் படக்காரர் உட்கார்ந்திருந்தவரைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"எங்க அப்பாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உங்க வீட்டுல படம் இருக்கு, எங்க வீட்டுல முக்காலி இருக்கு, கணக்குச் சரியாப்போச்சு" என்றார். நான் கிளம்பும்போது, காபிக்கொட்டையைப் பார்த்தபடியே, "அம்மாடி, அவருக்குன்னு எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல. எழுதறியே, ஒரு ஓரமா அவர் பேரையும் போட்டுடு, என்ன?" என்றார்.

அத்தை, போடத்தான் வேண்டும். ஆனால் அப்பாவை நினைத்துப் பாருங்கள். காபியில் நஷ்டம், மிளகில் வாடல், கூட்டத்தில் பெரியப்பா பேசி முடித்த பிறகும் வாய் திறக்காத மனிதர். பஸ்ஸில் யாராவது "புலி உத்தய்யா பேரனா, உக்காருங்க" என்று இடம் கொடுத்தால் அன்றைக்கு இரண்டு அரிசி ரொட்டி கூடுதலாகச் சாப்பிடுவார். அந்தப் புலியை நானே, அதுவும் எல்லோர் முன்னாலும், எப்படிப் பிடுங்குவது? காளய்யா பேரோடு ஒன்று, பேரில்லாமல் ஒன்று என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எதை வாசிக்க என்று நீங்கள்தான் ஒரு வரி எழுத வேண்டும். அப்பாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என் தலைமேல் இருக்கட்டும். அன்றைக்குக் கொஞ்சம் தொண்டையிலும் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தேச்சு

பின்குறிப்பு: தபால்பெட்டியில் போட அப்பாவிடமே கொடுத்தேன். உறை சரியாக ஒட்டவில்லையாம். படலைத் தாண்டுவதற்குள் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குத் தெரியும்மா. தாத்தாவே சொல்லியிருக்கார். அவர் ரம்மும் தொட்டதில்ல, அவருக்குப் பிடிச்சது வாழைப்பழமும் வெல்லமும்தான். அண்ணன் பாட்டிலுக்கு ஆசைப்படறானேன்னுதான் நான் வாயைத் திறக்கல" என்றார். காளய்யா பேரையே முதலில் போடச் சொன்னார். தாத்தாவுக்குப் புலி வேண்டாம், நம்பிக்கையான காவல்காரர் என்று எழுது, அதுவே பெரிய பெருமை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, காவலைப் பற்றி மூன்றாவதாக ஒரு பக்கம், நீங்கள் பார்த்தால் மெச்சுவீர்கள், அவ்வளவு நன்றாக எழுதி அப்பாவுக்கு வாசித்தும் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எழுந்து போய்ச் சவரப் பெட்டியை எடுத்து வந்து, அடியிலிருந்து ஒரு காகிதச் சுருளைப் பிரித்தார். உள்ளே விறைப்பாக, வெள்ளையாக, நீளமாக ஒரு முடி இருந்தது.

"காவல் நின்னப்போ ஒண்ணே ஒண்ணுதாம்மா எடுத்தாராம்" என்றார் அப்பா.

இப்போது நான் எதை வாசிக்க, அத்தை?